சாஞ்சுக்கோ

சாஞ்சுக்கோ என்றால் எதன்மேல் என்று அந்தச் சொல்லுக்குள் எங்கேயும் இல்லை. உட்கார் என்றால் கீழே, ஏறு என்றால் மேலே, திரும்பு என்றால் இப்போது பார்க்கிற பக்கத்தை விட்டு இன்னொரு பக்கம். சாய் மட்டும்தான் போய்ச்சேர வேண்டிய இடத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. பின்னால் சாயலாம், பக்கத்தில் சாயலாம், சுவரில் சாயலாம், ஆள்மேல் சாயலாம், ஒன்றும் கிடைக்காவிட்டால் குலை தள்ளிய வாழைபோல் தரையிலேயே போய்ச் சாயலாம். ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்ததிலிருந்து இதையே சுற்றிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் அப்பா. சீட்டின் நுனியில், முதுகு எதிலும் படாமல், ஒரு கால் நடைபாதையில், மடியில் என் துணிப்பை. காலமெல்லாம் கண்டக்டராக நின்றுகொண்டே போனவர், ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷமாகியும் பஸ்ஸில் உட்காரத் தெரியவில்லை என்று அம்மா கேலி செய்வாள். காலையில் திருமங்கலத்தில் வாசலில் நின்று அம்மா சொன்னதிலும் அந்தச் சொல் இருந்தது. "ஆரப்பாளையத்துல பஸ் மாறுனதும் நல்லாச் சாஞ்சு ஒரு தூக்கத்தப் போடு கயலு. கண்ணு முழிச்சா கோயமுத்தூரு." கண் விழித்தால் கோயமுத்தூர், அதுதானே பயம். சிங்காநல்லூரில் இறங்கி, அப்பா என்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டு, வார்டன் அம்மாவிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார். நாளைக் காலை நான் மறுபடி ஆபீஸில் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அதற்குள் அப்பாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். நேற்று ராத்திரியிலிருந்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன், எப்படி மாற்றிப் போட்டாலும் அந்தச் சொல் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்கிறது.

போன மாதமும் இதே சாலைதான், ஊர்ப் பக்கமாக. காய்ச்சல் என்று நான் போன் செய்திருந்தேன், அப்பா மறுநாள் மதியமே ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றார். நெற்றியைத் தொட்டிருந்தால் காய்ச்சல் இல்லை என்று தெரிந்திருக்கும். அவர் தொடமாட்டார். மாத்திரை போட்டியா என்று கேட்டார், கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, மாத்திரை போட்டியா. நான் ஜன்னல் ஓரம், அவர் பக்கத்தில், இதே மாதிரி ரெண்டு பேர் சீட். பல்லடம் தாண்டி எங்கேயோ, அழுதுவிடக்கூடாது என்று எச்சிலை விழுங்கி விழுங்கி நான் வந்துகொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல், முன்னால் டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "சாஞ்சுக்கோ." அவ்வளவுதான். வேறு வார்த்தை இல்லை. நான் என்ன செய்தேன்? திரும்பி என் முதுகுக்குப் பின்னால் பார்த்தேன். பச்சை ரெக்ஸின், கிழிந்த ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த மஞ்சள் ஸ்பாஞ்ச், விறைப்பாக நிற்கிற சீட். "இந்த சீட் சாயாதுப்பா" என்றேன். அப்பா "ம்" என்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்க்காத முகத்தை. ஆனால் நான் பார்த்தேன். பார்ப்பதில் நான் கெட்டிக்காரி, வாய் திறக்காதவர்களுக்கெல்லாம் கண் வேலை செய்துகொண்டேயிருக்கும். ஜன்னல் கண்ணாடியில் எங்கள் இருவருடைய நிழலும் தெரிந்தது, அப்பாவின் இடது தோள், என் பக்கத்துத் தோள், வலது தோளைவிடத் தாழ்ந்து இருந்தது. பை கனத்தால் தாழ்ந்திருக்கும் என்று நினைத்தேன். பை அவருக்கு வலது பக்கம் இருந்தது. இது எனக்கு எப்போது உறைத்தது தெரியுமா, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, கொடியில் துணி காயப்போடும்போது, ஈரச் சட்டை ஒரு தோள் இறங்கி அதேபோலத் தொங்கியது. நான் சீட் சாயாது என்று சொன்ன பிறகு அந்தத் தோள் மெதுவாக மேலே ஏறிச் சரியானதையும் நான் பார்த்திருந்தேன். பார்த்தது பார்த்ததுதான், அர்த்தம்தான் தாமதமாக வந்தது.

தோளாக இருக்காது என்றும் நினைத்துக்கொள்கிறேன். ஒருவேளை நிஜமாகவே சீட்டைத்தான் சொல்லியிருப்பார். அப்பாவுக்குத் தெரியாதா எந்த பஸ்ஸில் சீட் சாயும், எதில் சாயாது என்று? அவருக்குத் தெரியாமலா? அங்கேதான் மறுபடி மறுபடி போய் மாட்டிக்கொள்கிறேன். தெரிந்தவர் எதற்காகச் சொன்னார். நான்தான் அந்தச் சொல்லைக் கேட்ட உடனே முதுகு விறைத்துப்போனேன். அது அப்பாவின் சொல்லாக எனக்குக் கேட்கவில்லை. ஆபீஸில் அதைச் சொல்பவர் தயாளன் சார். மோட்டார் பம்ப் விற்கிற கம்பெனி, நான் பில் பிரிவில், அவர் பிரிவுக்கு மேலாளர். அவருடைய மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அதை எல்லோரிடமும் சொல்வார். சேர்ந்த முதல் வாரத்தில் சொன்னார், "ஏன் கயல் இப்படி வெறைப்பா ஒக்காந்திருக்கீங்க, பரீட்சை ஹாலா இது? சாஞ்சு ஒக்காருங்க." எனக்கு அது அன்பாகத்தான் இருந்தது. நல்ல நாற்காலி, முதுகுக்கு வலை போட்டது, பின்னால் தள்ளினால் தானாகச் சாயும். சாய்ந்தேன். வலைக்குப் பின்னால் அவர் கை இருந்தது. கவனிக்காமல் வைத்திருக்கிறார் என்று முன்னால் வந்தேன். அப்புறம் கம்ப்யூட்டரில் ஏதோ பார்க்கவேண்டும் என்று என் தலைக்கு மேலாக வந்தார், தோள்மேல் அவருடைய பனியன் சூடு தெரிந்தது, விபூதி வாசனை, சட்டைப்பையில் இருந்த பேனா என் காதில் உரசியது. மறுநாளும் ஏதோ பார்க்கவேண்டியிருந்தது. அதன்பிறகு நான் அந்த நாற்காலியில் சாயவேயில்லை. மேஜை விளிம்பு வயிற்றில் அழுந்த முன்னால் குனிந்தே வேலை செய்தேன், சாயங்காலம் கழுத்து மரத்துப்போகும், ஹாஸ்டலில் கட்டிலில் படுத்தால்கூட மெத்தைக்குக் கீழே ஒரு கை இருப்பதுபோல இருக்கும். "சாஞ்சு ஒக்காருங்க கயல்" என்று தினமும் சொல்வார். எல்லோர் காதிலும் விழும்படிதான் சொல்வார். அதில் யார் என்ன தப்புக் காண முடியும்?

வந்தனா மேடத்திடம் சொன்னேன். ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் எச்.ஆர். பிரிவு அவர்களுடையது, நல்லவர்கள்தான், கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். "சொல்லும்மா" என்றார்கள். தயாளன் சார் மேல சாயுறார் மேடம் என்றேன். "ஸ்கிரீனைப் பாக்கணும்னா குனியத்தானே செய்வாங்க. குனிஞ்சாரா, சாஞ்சாரா?" என்று கேட்டார்கள். சாஞ்சார் என்றேன். "சேர் மேலயா, உன் மேலயா?" தண்ணீரை எடுத்துக் குடித்தேன். ரெண்டும்தான். முதலில் நாற்காலிமேல், அப்புறம் நாற்காலியில் இருந்த என்மேல், எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது என்று நான் கோடு போட்டுக் காட்ட வேண்டும்போல. "யோசிச்சு, தெளிவா எழுதிக் குடும்மா" என்றார்கள். அன்று சாயங்காலம்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது, அப்பாவுக்குப் போன் செய்தேன். இந்த ஒரு மாதத்தில் ஆபீஸிலிருந்து போன்மேல் போன், இனி வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று. அம்மா பதறிவிட்டாள். "இந்தக் காலத்துல வேல கெடைக்கிறதே பெரும்பாடு, காய்ச்சலாம் காய்ச்சல், கொண்டுபோய் விட்டுட்டு வாங்க." அப்பா என்னைப் பார்த்தார். போறியாம்மா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. கேட்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டார்.

கள்ளிமந்தயத்தில் கூட்டம் ஏறியது. கல்யாண வீட்டுக்கூட்டம், மல்லிகைப்பூவும் வியர்வையும் பவுடரும் கலந்து உள்ளே வந்தது. "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் கெடக்கு" என்று கண்டக்டர் கத்தினார். எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தாட்டியான அக்கா, பட்டுச்சேலையை இடுப்பில் செருகியிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஹெட்போன் மாட்டிய பையன். வளைவில் பஸ் திரும்பியதும் அவள் குரல் வெடித்தது. "ஏய், தள்ளி நில்லு. மேல வந்து சாயுற!" பையன் ஹெட்போனைக் கழற்றினான். "பஸ்ஸு போற போக்குக்கு நான் என்னக்கா செய்றது?" "அக்காவாம் அக்கா. மேல இருக்கே கம்பி, அது என்ன காக்கா ஒக்கார்றதுக்கா? புடி அதை." "கை எட்டல." "காலு மட்டும் எங்க வேணாலும் எட்டுதோ!" பஸ்ஸே சிரித்தது. பின்னால் யாரோ, "தம்பி, கழுத்துல தாலி கட்டி எறக்கிவிட்டுருவாங்க, முன்னாடி வந்துரு" என்றார்கள். பையன் காது சிவந்து முன்னால் நகர்ந்துபோனான். அக்காவும் சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. அவருடைய கை என் துணிப்பையின் காதை இறுக்கிப் பிடித்திருந்தது, விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. "பாவம் பய" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. போச்சு என்று நினைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக வாய்வரைக்கும் வந்திருந்த வாக்கியம் உள்ளே போய் ஒளிந்துகொண்டது.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஏற்கெனவே ஒருத்திக்குச் சொந்தமாகிவிட்டது. நான் ஹைஸ்கூலில் படித்தபோது, உசிலம்பட்டி டிரிப்பில், ஒரு கையில் டிக்கெட் கட்டு, இன்னொரு கையில் சில்லறை, பிடிக்கக் கை இல்லாமல் அப்பா கூட்டத்துக்குள் நின்றிருக்கிறார், நாய் குறுக்கே வந்து டிரைவர் பிரேக் போட்டதும் போய் ஒரு பெண்மேல் விழுந்துவிட்டார். மேல சாயுறியாடா என்று அவள் அறைந்துவிட்டாள். யூனிபார்மில் இருக்கிறவரை, அத்தனை பேர் முன்னால். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. "பிரேக் போட்டான்னு சொல்ல வேண்டியதுதானே" என்று அம்மா அழுதாள். "சொன்னா யாரு கேக்குறா" என்றார். அதற்கப்புறம் அவர் எதன்மேலும் சாய்ந்து நான் பார்த்ததில்லை. சீட் கம்பியில் இடுப்பைக் கொடுத்து டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம் வரும், அவர் அப்படி நிற்பதை விட்டுவிட்டார். ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு போனால் நடுவில் என் புத்தகப்பையை வைக்கச் சொல்வார். வீட்டுச் சுவரில்கூட முதுகு கொடுக்காமல் சப்பணமிட்டுச் சாப்பிடுவார். அம்மாவுக்கு அந்தப் பெண் இன்றுவரைக்கும் சிறுக்கிதான். காலேஜ் போகும்போது பஸ்ஸில் ஒருத்தன் மேல சாயுறான் என்று நான் ஒருமுறை சொன்னதற்கு அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து வாயைப் பொத்தினாள். "கூட்டம்னா அப்படி இப்படித்தான் இருக்கும். அப்பா முன்னாடி இந்தப் பேச்செடுக்காத." நானும் அந்தப் பெண்ணை வெறுத்துத்தான் வளர்ந்தேன். பார்த்தேயிராத ஒரு முகத்தை. தயாளன் சாரின் பேனா காதில் உரசிய அன்றுதான் அவளை வேறு மாதிரி நினைக்க ஆரம்பித்தேன். அந்த அறை அன்றைக்குக் காலையில் கிளம்பியதாக இருக்காது, எத்தனையோ பஸ்களில் எத்தனையோ பேருக்குக் கொடுக்காமல் அவள் கையிலேயே வைத்திருந்தது, வழி தப்பி வந்து அப்பாவின் கன்னத்தில் இறங்கிவிட்டது. அவள்மேல் தப்பில்லை, அப்பாமேலும் தப்பில்லை, அப்படியானால் யார்மேல்? அறையே வாங்காதவர்கள்மேல். இதை நான் யாரிடம் சொல்வேன். அப்பாவிடம் போய், ஒருத்தர் மேல சாயுறார்ப்பா என்று சொன்னால் அவர் காதில் யார் குரல் கேட்கும்? என் குரல் கேட்குமா, அந்தப் பெண்ணின் குரல் கேட்குமா?

கல்யாணக்கூட்டம் ஏதோ ஊரில் மொத்தமாக இறங்கியதும் பஸ் ஓய்ந்துபோனது. வெளியே காற்றாலைகள் வர ஆரம்பித்தன. வெள்ளை வெள்ளையாக, சோளக்காட்டின் நடுவே, எதன்மேலும் சாயாமல் நின்றுகொண்டு கையை மட்டும் சுற்றிக்கொண்டு. இவை வந்தால் தாராபுரம் பக்கம். தாராபுரம் போனால் பல்லடம், பல்லடம் போனால் அவ்வளவுதான். காற்று முகத்தில் அடித்தது, கண்ணை மூடினால் நாற்காலி தெரிந்தது, திறந்தால் காற்றாலை. அப்போது பார்த்தேன், அப்பா தூங்குகிறார். பஸ்ஸில் தூங்கவே தூங்காத அப்பா. சீட் நுனியில் நிமிர்ந்தபடியே கண் மூடியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, கீழுதட்டில் வெற்றிலைக்கறை. தலை ஒரு தடவை நடைபாதைப் பக்கம் சரிந்து நிமிர்ந்தது, ஒரு தடவை முன்னால் போய் நிமிர்ந்தது. தூக்கத்தில்கூட எந்தப் பக்கமும் போய்விடக்கூடாது என்று கழுத்து காவல் காத்துக்கொண்டிருந்தது. எப்போது கழுத்து இவ்வளவு மெலிந்தது, காலருக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் போகும் போலிருக்கிறது. நான் என்னை அறியாமல் கொஞ்சம் அவர் பக்கம் நகர்ந்தேன். வலது தோளைத் தாழ்த்தினேன். தாழ்த்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது. பை கனத்தால் தோள் இப்படித் தாழாது. கனத்தால் தாழ்ந்தால் கை இழுக்கும், கழுத்து எதிர்ப்பக்கம் வளையும். இது வேறு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடுப்பிலிருந்து தாழ்த்துவது, வருமா வராதா என்று காத்திருப்பது, காத்திருக்கிறோம் என்று தெரிந்துவிடக்கூடாதே என்று வேறெங்கோ பார்ப்பது. நான் டிரைவர் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அன்றைக்கு இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யார்மேலும் சாயாமல், யாரையும் சாயவிடாமல் இத்தனை வருஷம் இருந்தவர் எனக்காக இதைத் தாழ்த்தியிருக்கிறார், நான் சீட்டைப் பார்த்தேன். பல்லடத்திலிருந்து திருமங்கலம்வரை எவ்வளவு தூரம். அத்தனை தூரமும் அந்தத் தோள் என் பக்கத்திலேயேதான் இருந்தது.

"அப்பா, சாஞ்சுக்கோங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், அவர் காதில் விழவில்லை போல. அதற்குள் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. பிரேக். அப்பாவின் தலை என் தோளில் வந்து இடித்து, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, முழுக் கனத்தோடு அங்கேயே இருந்தது. எண்ணெய் வாசனை, முள்ளு முள்ளான தாடை. பிறகு திடுக்கிட்டு எழுந்து சீட்டின் நுனிக்கே நகர்ந்துவிட்டார். "ஸாரிம்மா, ஸாரி. பிரேக் போட்டுட்டான்." அது என்னிடம் சொன்ன குரல் இல்லை. நான் யார் என்று கண் தெளிவதற்கு முன்னால் வந்த குரல். அறை விழுமோ என்று முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டு, யாரோ ஒரு பெண்ணிடம், எத்தனையோ பெண்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். இனிமேல் நான் யோசித்தால் அந்த வாக்கியம் வராது, அது வராவிட்டால் எங்களுக்கு நடுவே எப்போதும் ஒரு புத்தகப்பை இருந்துகொண்டேயிருக்கும்.

"ஆபீஸ்ல ஒருத்தர் மேல சாயுறாருப்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. ஆடுகள் இன்னும் போய்க்கொண்டிருந்தன, டிரைவர் ஹாரனை அழுத்தியபடி இருந்தார். அப்பாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, தாடை எலும்பு மட்டும் ஒருமுறை அசைந்தது. நான் பயந்தபடியே அந்தப் பெண்ணின் குரல்தான் கேட்டிருக்கும்.

"கூட்டமா இருக்குமோ அங்க?" என்றார்.

"ஆபீஸ்ப்பா. நான் சேர்ல ஒக்காந்திருப்பேன். பின்னாடி வந்து நிப்பாரு. அங்க யாரும் பிரேக் போடலப்பா."

கடைசி ஆடு போய், மேய்க்கிறவர் போய், பஸ் கிளம்பியது. அப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தடவையா?" என்று கேட்டார். "தெனமும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார், ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டேயிருந்தார், எனக்கான பதிலாக இல்லை, வேறு யாருக்கோ, அந்தப் பெண்ணுக்கோ என்னவோ. பிறகு எழுந்து மேலே ரேக்கிலிருந்த என் பெட்டியை இறக்கினார். "தம்பி, தாராபுரத்துல ரெண்டு பேரு எறங்கிக்கிறோம்." கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, டிக்கெட் கோயமுத்தூருக்குல்ல இருக்கு?" "இருக்கட்டும்ப்பா." பெட்டியைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்த முறை நுனியில் இல்லை. முதுகு பின்னால் போய், பழக்கமில்லாத முதுகு, கொஞ்சம் கொஞ்சமாகத் தயங்கித் தயங்கி, அந்த விறைத்த ரெக்ஸினில் பட்டது. வெளியே காற்றாலைகள் குறைந்து வீடுகள் வர ஆரம்பித்தன. தாராபுரம் வந்துவிடும், இன்னும் கொஞ்ச நேரம்தான், சாய்வதென்றால் இப்போதே சாய வேண்டும், ஆனால் அந்த நாற்காலியில் என் கழுத்து முன்னால் குனிந்தே பழகிவிட்டது, எப்படிப் பக்கவாட்டில் கொண்டுபோவது என்று மறந்துபோனதுபோல இருந்தது. அப்பா டிரைவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு நான் சீட்டச் சொல்லல கயலு."